சுவரும் அடுக்களையும்

வீடு என்பது கல்லும் மரமும் சேர்ந்த வெறுங் கட்டடம் அன்று. அதில் வாழ்ந்தோர் ஒருவரை ஒருவர் எவ்வாறு மதித்தனர் என்பதைக் காட்டும் சான்றும் ஆகும். ஒரு வீட்டின் அறைகள் அமைந்துள்ள முறையை உற்று நோக்கினால், அங்கே யார் அமர்ந்தனர், யார் நின்றனர், யாருக்குக் கதிரொளி கிடைத்தது, யார் இருளில் உழைத்தனர் என்பன எல்லாம் விளங்கும். சிறப்பாக, அடுக்களை இருக்கும் இடத்தைக் கொண்டே ஒரு காலத்து மக்களின் வாழ்க்கை முறையை ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

இங்கிலாந்தின் தலைநகராகிய இலண்டனில் இருநூறு, முந்நூறு ஆண்டுகட்கு முன் கட்டப்பெற்ற வரிசை வீடுகள் இன்றும் பல்லாயிரம் நிற்கின்றன. ஒன்றையொன்று தோள்கொடுத்துத் தாங்கி நிற்பன போல் அவை தெருவின் இருமருங்கும் தொடர்ந்து காணப்பெறும். அவற்றில் இன்று குடியிருப்போர் பலர், சமைப்பதற்கும் உண்பதற்கும் அளவளாவுவதற்கும் உரிய இடங்களை ஒன்றாக்கி, குடும்பம் முழுவதும் கூடியிருக்கத்தக்க திறந்த அடுக்களை அமைக்க விரும்புகின்றனர். இடைச் சுவரை இடித்துவிட்டால் எண்ணம் நிறைவேறிவிடும் என்று தோன்றலாம். ஆயின், பழைய வீட்டின் சுவர் ஒவ்வொன்றும் வாய் திறவாமல் சில பணிகளைச் செய்துகொண்டிருக்கிறது. அப்பணிகள் யாவை, அவற்றுள் இனியும் வேண்டுவன எவை, வேண்டாதன எவை என்று ஆராய்ந்த பின்னரே சுவரில் உளி படுதல் வேண்டும். அவ்வாராய்ச்சியை ஈண்டுக் காண்போம்.

தீயில் பிறந்த வீடுகள்

இவ்வகை வீடுகள் தோன்றிய வரலாறே ஓர் அடுப்பில் தொடங்குகிறது. 1666ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2ஆம் நாள் பொழுது புலர்வதற்கு முன், இலண்டனில் புட்டிங் லேன் என்னும் சந்தில் இருந்த ரொட்டி சுடுவோர் ஒருவருடைய வீட்டில் தீப்பற்றியது. அந்நாளில் வீடுகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. அவற்றின் மேல்மாடங்கள் தெருவை நோக்கி நீண்டு, எதிர்வீட்டைத் தொடுவன போல் நின்றன. காற்றும் துணைசெய்யவே, தீ வீட்டுக்கு வீடு தாவிற்று. நான்கு நாள்களுக்குள் ஏறத்தாழ 13,200 வீடுகள் சாம்பலாயின.

இத்துன்பத்திலிருந்து இலண்டன் மக்கள் ஒரு பாடம் கற்றனர். மறு ஆண்டில், அஃதாவது 1667இல், புதிய வீடுகளைச் செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்டுதல் வேண்டும் என்று சட்டம் இயற்றினர். இரு வீடுகளுக்கு இடையே எழுந்த பொதுச்சுவர், ஒரு வீட்டின் தீ மற்றொரு வீட்டிற்குச் செல்லாமல் தடுக்கும் அரணாயிற்று. பின்னர் 1774ஆம் ஆண்டில் எழுந்த சட்டம், வீடுகளை அவற்றின் அளவிற்கும் மதிப்பிற்கும் ஏற்ப வகைப்படுத்தி, எவ்வகை வீட்டிற்கு எவ்வளவு தடித்த சுவர் வேண்டும் என்றும் வரையறுத்தது. எனவே, அவ்வீடுகளில் சுவர் என்பது முதற்கண் உயிர் காக்கும் பொருளாகவே எண்ணப்பெற்றது.

நகரத்தில் நிலத்தின் விலை மிகுதி. ஆதலின் வீடுகள் அகலத்தில் ஒடுங்கி, உயரத்தில் வளர்ந்தன. முகப்பு பெரும்பாலும் 15 அடி முதல் 25 அடி வரை இருக்கும். தளந்தோறும் முன்னறை ஒன்றும் பின்னறை ஒன்றும் உண்டு. முன்னறை தெருவை நோக்கும்; பின்னறை தோட்டத்தை நோக்கும். ஒரு பக்கத்தில் நடைவழியும் மாடிப்படியும் அமையும். நில மட்டத்தில் உணவறை, முதல் மாடியில் விருந்தினரை வரவேற்கும் கூடம், அதற்கு மேல் படுக்கையறைகள், கூரையை ஒட்டிய சிற்றறைகளில் குழந்தைகளும் பணிமக்களும் என்பது வழக்கமான முறை. அடுக்களையோ இவை அனைத்திற்கும் கீழே, நில மட்டத்தினும் தாழ்ந்த அடித்தளத்தில் இருந்தது.

வீட்டிற்கும் தெருவிற்கும் இடையே இரும்புக் கம்பிகளால் வேலியிட்ட பள்ளம் ஒன்றை விட்டிருப்பர். அப்பள்ளத்தின் வழியே இறங்கி வரும் ஒளிதான் அடுக்களைக்குக் கிடைத்த ஒளி. தெருவின் நடைபாதைக்கு அடியில் நிலக்கரி வைக்கும் அறை இருந்தது. நடைபாதையில் பதித்த வட்டமான இரும்பு மூடியைத் திறந்து, மேலிருந்தே கரியைக் கொட்டுவர். அக்கரியை அள்ளி அடுப்பிற்கும், மாடிதோறும் இருந்த கணப்பிற்கும் சுமந்து செல்வது பணிப்பெண்களின் வேலை. சமைத்த உணவும் படியேறியே மேலே சென்றது. உண்ட கலங்களும் படியிறங்கியே கீழே வந்தன.

கீழ்த்தளத்து வாழ்க்கை

இதற்கு எடுத்துக்காட்டாக ஓர் இல்லத்தைக் காண்போம். தாமஸ் கார்லைல் என்னும் பேரறிஞர் 1834ஆம் ஆண்டு முதல் 1881இல் தாம் மறையும் வரை வாழ்ந்த வீடு, இலண்டனில் செல்சி என்னும் பகுதியில் செய்னி ரோ என்னும் தெருவில் உள்ளது. அது 1708ஆம் ஆண்டில் கட்டப்பெற்றது. 1895ஆம் ஆண்டில் அது பொதுமக்கள் கண்டு மகிழ்வதற்குரிய நினைவில்லமாகத் திறக்கப்பெற்றது. அங்கே அடித்தளத்தில் அடுக்களை இருக்கிறது. பணிப்பெண்ணுக்கு அதுவே உழைக்கும் இடம். அதுவே உறங்கும் இடமும் ஆகும்.

கார்லைல் இரவில் புகை பிடிக்கும் பழக்கம் உடையவர். வீட்டின் மற்ற அறைகளில் புகை பரவாதிருக்க, அவர் அடுக்களைக்கு இறங்கி வந்து, கணப்பின் அருகில் அமர்ந்து புகைப்பதுண்டு. அவர் எழுந்து செல்லும் வரை பணிப்பெண் படுக்கைக்குச் செல்ல இயலாமல் காத்திருந்தாள் என்பர். உழைப்பாளரின் துயரைப் பற்றி உருக்கமாக எழுதியவர் கார்லைல். ஆயினும், தம் வீட்டின் கீழ்த்தளத்தில் உறக்கத்திற்காக ஏங்கி நின்ற பெண்ணின் துயர் அவர் கண்ணிற் படவில்லை போலும்! அவருடைய துணைவியார் ஜேன் எழுதிய கடிதங்களால், அவ்வீட்டில் முப்பத்திரண்டு ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட பணிப்பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து சென்றனர் என்று அறிகிறோம்.

இந்நிலை கார்லைலின் இல்லத்திற்கு மட்டும் உரியதன்று. 1864ஆம் ஆண்டில் இராபர்ட் கெர் என்னும் கட்டடக் கலைஞர் செல்வர் வீடுகளின் அமைப்பைப் பற்றிப் பெரியதொரு நூல் எழுதினார். குடும்பத்தார் இருக்கும் பகுதியும் பணியாளர் இருக்கும் பகுதியும் வேறு வேறாகப் பிரிந்திருத்தல் வேண்டும் என்பது அந்நூலில் வலியுறுத்தப்பெற்ற கொள்கை. அடுக்களையின் மணமும் ஓசையும் குடும்பத்தாரை அடைதல் ஆகாது. குடும்பத்தாரின் பேச்சும் பணியாளர் செவிக்கு எட்டுதல் ஆகாது. இவ்வாறு சுவர் என்பது மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கும் கருவியும் ஆயிற்று. 1891ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, இங்கிலாந்திலும் வேல்சிலும் வீட்டுப் பணி செய்துவந்த பெண்கள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுள் பலர் தம் இளமையைக் கதிரவன் முகம் காணாத இத்தகைய அறைகளிலேயே கழித்தனர்.

அடுக்களை மேலே ஏறிய வரலாறு

காலம் மாறியது. 1914இல் தொடங்கிய முதல் உலகப் போரின்போது ஆடவர் போர்க்களம் சென்றனர். பெண்கள் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலைக்கு அமர்ந்தனர். உரிய கூலியும் ஓய்வு நேரமும் கிடைக்கும் வேலையைக் கண்டவர், மீண்டும் இருண்ட அடித்தளத்திற்குச் செல்ல விரும்பவில்லை. 1939இல் எழுந்த இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடுத்தரக் குடும்பங்களில் பணிப்பெண்ணை வைத்துக்கொள்ளும் வழக்கம் பெரும்பாலும் மறைந்தது. வீட்டுக்கு உரியவர்களே சமைக்க வேண்டியவர் ஆயினர். அப்போதுதான், அடுக்களை எவ்வளவு இருளும் தொல்லையும் நிறைந்தது என்பது அவர்களுக்கு நன்கு விளங்கிற்று.

இதற்கிடையே அடுக்களை வேலையை எளிதாக்கும் முயற்சிகளும் நடைபெற்று வந்தன. அமெரிக்க நாட்டில் கிறிஸ்டின் பிரெடரிக் என்னும் பெண்மணி, தொழிற்சாலைகளில் வேலையை அளந்து ஆராய்ந்த முறையை அடுக்களைக்கும் பொருத்திப் பார்த்து, 1912ஆம் ஆண்டிலிருந்து கட்டுரைகள் எழுதினார். சமைப்பவர் வீணாக எடுத்துவைக்கும் அடிகளைக் குறைப்பதே அவர் நோக்கம். 1926ஆம் ஆண்டில் செருமனியின் பிராங்பர்ட் நகரில், மார்கரெட்டே சூட்டே லிகோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் ஒரு சிறிய அடுக்களையை வகுத்தார். அதன் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். புகைவண்டியில் உணவு சமைக்கும் சிறிய அறையைப் பார்த்து, எல்லாப் பொருளும் கைக்கு எட்டும் வகையில் அவர் அதனை அமைத்தார். அந்நகரத்துப் புதிய குடியிருப்புகளில் ஏறத்தாழ 10,000 வீடுகளில் அவ்வடுக்களை இடம்பெற்றது.

பிராங்பர்ட் அடுக்களை கால் நோவைக் குறைத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் ஒருவர்தாம் நின்று வேலைசெய்ய இயலும். உதவிக்கு மற்றொருவர் நுழைந்தால் இடம் போதாது. சமைப்பவர் தனித்திருக்க, மற்றவர் அடுத்த அறையில் கூடியிருந்தனர். அடித்தளத்துத் தனிமை நீங்கியது. சிற்றறைத் தனிமை தொடர்ந்தது.

இத்தனிமையையும் நீக்க முயன்றவர்களுள் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் குறிப்பிடத்தக்கவர். 1937ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில் அவர் கட்டிய ஜேக்கப்ஸ் இல்லத்தில், சமைக்கும் இடம் உண்ணும் இடத்தை ஒட்டித் திறந்திருந்தது. சமைத்துக்கொண்டே குடும்பத்தாருடன் உரையாடலாம். பின்னர் இக்கருத்து பல நாடுகளுக்கும் பரவிற்று. இலண்டனின் பழைய வரிசை வீடுகளிலும் அடுக்களை படியேறி மேலே வந்தது. அல்லது அடித்தளம் தோட்டத்தை நோக்கித் திறக்கப்பெற்று ஒளி பெற்றது. ரைட் புதிய வீடு கட்டினார். ஆதலின் வேண்டாத சுவரை எழுப்பாமலே விட்டுவிட முடிந்தது. பழைய வீட்டில் குடியிருப்போர் நிலை வேறு. அங்கே சுவர் முன்னமே நிற்கிறது, பணியும் செய்துகொண்டிருக்கிறது.

சுவரின் பணிகள்

சுவரின் முதற்பணி சுமை தாங்குதல். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் பழமொழி. சித்திரத்திற்கு மட்டுமா சுவர் வேண்டும்? மேல்மாடிக்கும் கூரைக்கும் அதுவே துணை. பழைய வரிசை வீடுகளில் மாடித்தளத்தின் மர உத்திரங்களைப் பல இடங்களில் நடுச்சுவரே தாங்கி நிற்கும். தட்டிப் பார்த்தால் வெற்றோசை தருகின்ற மரச்சட்டச் சுவருங்கூடச் சுமை தாங்குவதுண்டு. ஆகவே ஓசையைக் கேட்டு, 'இது வெறுந் தடுப்பு' என்று முடிவு செய்தல் பெரும் பிழை.

சுமையின் அளவை ஒரு கணக்கால் அறியலாம். ஒன்பது அங்குலத் தடிப்புள்ள செங்கற்சுவர், சதுர மீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 400 கிலோகிராம் எடை உள்ளது. கீழறைகளுக்கு இடையே உள்ள சுவரை நீக்குகிறோம் என்றும், அதற்கு நேர்மேலே 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள சுவர் நிற்கிறது என்றும் கொள்வோம். மேற்சுவரின் பரப்பு 12 சதுர மீட்டர். எடை ஏறத்தாழ 4,800 கிலோகிராம். வளர்ந்த களிறு ஒன்றின் எடைக்கு அது குறைந்ததன்று. அதனோடு மாடித்தளமும், அதன்மேல் உள்ள கட்டில், அலமாரி முதலியனவும், நடமாடும் மக்களும் சேர்வர். இவ்வளவையும் தாங்கிய சுவரை எடுத்தால், அச்சுமையை ஏற்க வேறொன்று வேண்டும் அன்றோ?

அதற்கு உரியது எஃகு உத்திரம். கட்டுமானப் பொறியாளர் சுமையைக் கணக்கிட்டு உத்திரத்தின் அளவை உறுதிசெய்வார். பின்னர் வேலையாட்கள், நீக்கவேண்டிய சுவருக்குச் சற்று மேலே துளைகள் இட்டு, அவற்றில் குறுக்குத் தூலங்களைச் செலுத்தி, இருபுறமும் இரும்பு முட்டுக்கால்களால் தாங்கச் செய்வர். அதன் பிறகே சுவரை எடுத்து, உத்திரத்தை ஏற்றுவர். உத்திரத்தின் முனைகள் நேரே செங்கல்லின்மேல் அமர்தல் கூடாது. சுமை ஒரே இடத்தில் அழுந்திச் செங்கல் நொறுங்கும். ஆதலின் கருங்கல் அல்லது கான்கிரீட்டால் ஆன திண்டு ஒன்றை அடியில் வைத்துச் சுமையைப் பரவச் செய்வர். இடைவெளியைச் சாந்தால் இறுக அடைத்து, அது கெட்டிப்பட்ட பின்னரே முட்டுக்கால்களை எடுப்பர்.

புகைபோக்கியைத் தாங்கும் சுவர்ப்புடைப்பும் இத்தகையதே. இடம் வேண்டும் என்று கீழ்த்தளத்தில் அதனை வெட்டிவிட்டு, மேற்பகுதியைத் தாங்கலின்றி விட்டால், பல ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள செங்கற்கட்டு குடும்பத்தாரின் தலைமேல் தொங்கும். அதனை வெட்டாமல் விட்டு, பழைய கணப்பு இருந்த குழிவிலேயே புதிய அடுப்பை வைப்பது எளிதும் அழகும் ஆகும்.

சுவரின் இரண்டாம் பணி தீயைத் தடுத்தல். 1666ஆம் ஆண்டின் பாடம் இங்கே பயன்படுகிறது. வீடுகளில் தீப்பற்றும் இடங்களுள் அடுக்களை தலையாயது. பல மாடி வீட்டில் மேலே உறங்குவோர் தப்பி வருதற்கு மாடிப்படி ஒன்றே வழி. நடைவழிச் சுவரையும் நீக்கி, மாடிப்படியை அடுக்களையோடு சேர்த்துவிட்டால், தீயும் புகையும் நேரே படிக்கட்டில் ஏறும். தப்பும் வழியே சாவின் வழியாகிவிடும். ஆதலின், மேல்தளம் நிலத்திலிருந்து 4.5 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்குமாயின், மாடிப்படி வெளிவாயில் வரை தீயை 30 நிமிடமேனும் தடுக்கும் சுவராலும் கதவாலும் சூழப்பெற்றிருத்தல் வேண்டும் என்பது இங்கிலாந்தின் பொது விதி. அங்ஙனம் செய்ய இயலாத இடத்தில், தீப்பற்றியவுடன் தானே நீரைத் தெளிக்கும் கருவி முதலிய வேறு காப்புகளை அமைத்தல் வேண்டும். எஃகும் தீயை வெல்ல வல்லதன்று. 600 பாகை செல்சியசு வெப்பத்தில் அதன் வலிமையில் ஏறத்தாழப் பாதி குறைந்துவிடும். எனவே உத்திரத்தையும் தீத்தாங்கும் பலகையால் மூடுதல் இன்றியமையாதது.

மூன்றாம் பணி மணத்தையும் ஆவியையும் ஓசையையும் தடுத்தல். பொரிக்கும் மணம் பசித்தவனுக்கு இனிது. படிப்பவனுக்கும் உறங்குபவனுக்கும் இன்னாதது. சுவர் போய்விட்டால், அடுப்பிற்கு மேல் ஆவியை உறிஞ்சும் விசிறிக் கவிகை வைத்து, குழாயின் வழியே ஆவியை வீட்டிற்கு வெளியே அனுப்புதல் வேண்டும். அதே இடத்தில் எரியும் கணப்பு இருந்தால் மேலும் கவனம் தேவை. விசிறி காற்றை வலிந்து இழுக்கும்போது, புகைபோக்கியில் மேலே செல்லவேண்டிய நச்சுப் புகை கீழே திரும்பி அறைக்குள் வரக்கூடும். ஆகவே, வெளிக்காற்று உள்ளே வருதற்குத் தனிவழி அமைத்தல் வேண்டும்.

ஓசையைப் பற்றியும் கார்லைலின் இல்லம் ஒரு செய்தி கூறுகிறது. தெருவின் கூச்சலையும் அண்டை வீட்டுச் சேவலின் கூவலையும் தாங்காத அவ்வறிஞர், 1853ஆம் ஆண்டில் வீட்டின் உச்சியில் இரட்டைச் சுவர்களோடு ஓசை புகாத அறை ஒன்றைப் பெருஞ்செலவில் கட்டுவித்தார். ஆயினும் ஓசை முற்றும் ஒழிந்தபாடில்லை. அடுக்குச் சுவராலும் தடுக்க முடியாத ஓசை, சுவரே இல்லாத இடத்தில் எவ்வாறு அடங்கும்? கல்தரையும் கண்ணாடியும் ஓசையைத் திருப்பி எறியும். மரத்தரையும் விரிப்பும் திரைச்சீலையும் நூல்கள் நிறைந்த அலமாரியும் அதனை உள்வாங்கும். ஒலி குறைந்த கருவிகளைத் தேர்ந்தெடுத்தலும் நன்று. பிள்ளைகள் படிப்பதற்குக் கதவுள்ள அறை ஒன்றையேனும் வேறாக வைத்தல் அதனினும் நன்று.

நான்காம் பணி மனிதரைப் பிரித்தல். இப்பணி ஒன்றுதான் இனி வேண்டாதது. மற்ற மூன்றையும் வேறு பொருள்களிடம் ஒப்படைத்துவிட்டு, இதனை மட்டும் கைவிடுவதே திறந்த அடுக்களையின் சிறப்பாகும்.

அமைக்கும் முறை

முகப்பு 18 அடியும் ஆழம் 30 அடியும் உள்ள ஒரு வீட்டை மனத்தில் கொள்வோம். நடைவழியையும் மாடிப்படியையும் உள்ளவாறே விட்டுவிட்டு, முன்னறைக்கும் பின்னறைக்கும் இடையே உள்ள சுவரில் மட்டும் அகன்ற வாயில் அமைக்கலாம். தெருப்பக்கத்து ஒளியும் தோட்டப்பக்கத்து ஒளியும் ஒன்றாகக் கலக்கும். 1696ஆம் ஆண்டு முதல் 1851 வரை இங்கிலாந்தில் பலகணிகளுக்கு வரி விதிக்கப்பெற்றது. வரிக்கு அஞ்சி அடைக்கப்பெற்ற பலகணிகளைப் பழைய வீடுகள் சிலவற்றில் இன்றும் காணலாம். அவ்வாறிருக்க, இருபுறத்து ஒளியையும் வரியின்றிப் பெறுதல் எத்துணைப் பேறு!

கழிவுநீர்க் குழாய்கள் பெரும்பாலும் வீட்டின் பின்புறத்தில் இருக்கும். ஆதலின், சமைக்கும் இடத்தைப் பின்னறையிலும், உணவு மேசையை நடுவிலும், அமர்ந்து உரையாடும் இடத்தை முன்புறத்திலும் வைப்பது பொருத்தம். பாத்திரம் கழுவும் தொட்டி, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றையும் கோடுகளால் இணைத்தால் ஒரு முக்கோணம் தோன்றும். இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் இதனை ஆராய்ந்தனர். பக்கம் ஒவ்வொன்றும் 4 அடிக்குக் குறையாமலும் 9 அடிக்கு மிகாமலும், மூன்றன் கூட்டுத்தொகை 26 அடிக்கு மிகாமலும் இருத்தல் நலம் என்பது அவ்வழி வந்த விதி. தோட்டத்திற்குச் செல்லும் வழி இம்முக்கோணத்தை ஊடறுத்துச் செல்லுதல் கூடாது. கொதிக்கும் கலத்தை ஏந்தி வருபவர்மேல் ஓடிவரும் குழந்தை மோதினால் நேரும் தீங்கைச் சொல்லவும் வேண்டுமோ?

வேலைமேடையின் உயரம் பொதுவாக 90 சென்டிமீட்டர். சமைப்பவர் சுவரையே நோக்கி நிற்காமல் குடும்பத்தாரை நோக்கி நிற்பதற்காக, நடுவில் தனிமேடை ஒன்றை அமைப்பதுண்டு. அதற்கும் சுவரோரத்து மேடைக்கும் இடையே 1 மீட்டர் முதல் 1.2 மீட்டர் வரை இடம் விட்டால், இருவர் ஒருவரையொருவர் இடியாமல் வேலைசெய்யலாம். இவ்விடைவெளி சிறிய செய்தி போல் தோன்றும். ஆயினும், அடுக்களை ஒருவர்க்கே உரிய சிறையாவதும் பலர் கூடி உழைக்கும் இடமாவதும் இதனைப் பொறுத்தே அமையும்.

பழமையைப் போற்றல்

பழைய வீட்டின் செங்கற்சுவர் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பெற்றது. அஃது ஈரத்தை உள்வாங்கி, மெல்ல வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். செங்கல்லும் மரமும் நாளடைவில் கெடும். சமையலாவி மிகுந்த இடத்தில் இக்கேடு விரைந்து வரும். எனவே, சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே ஏற்றது.

நாட்டின் பழஞ்செல்வமாகக் கருதப்பெறும் கட்டடங்களை இங்கிலாந்து அரசு பட்டியலிட்டுப் பாதுகாக்கிறது. 1700ஆம் ஆண்டிற்கு முன் கட்டப்பெற்றுப் பெரிதும் உருமாறாமல் நிற்பன அனைத்தும், 1700க்கும் 1850க்கும் இடையே கட்டப்பெற்றவற்றுள் பெரும்பாலனவும் அப்பட்டியலில் இடம்பெறத்தக்கவை. அத்தகைய வீட்டின் இயல்பை மாற்றும் எவ்வேலைக்கும் முன்னதாக ஒப்புதல் பெறுதல் வேண்டும். பெறாமல் இடித்தல் தண்டனைக்குரிய குற்றம். அண்டை வீட்டாரோடு பொதுவான சுவரில் உத்திரத்தைச் செருகுவதாயின், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு திங்களுக்கு முன்னரே அவர்களுக்கு எழுத்தால் அறிவித்தல் வேண்டும். ஒருவர் வீட்டுச் சுவர் மற்றவர் வீட்டிற்கும் சுவர் ஆதலால், இவ்விதி மிகவும் நேரியது.

சுவரை நீக்க ஒப்புதல் கிடைத்தாலும், அதனை முழுதும் துடைத்துவிடாமல், இரு ஓரங்களிலும் சிறிது சுவரையும் மேலே சிறிது பட்டையையும் விட்டுவைப்பது நன்முறை. இங்கே இரண்டு அறைகள் இருந்தன என்னும் வரலாறு அதனால் அழியாது. அக்காலத்து வீடுகள் பலவற்றில் முன்னறைக்கும் பின்னறைக்கும் இடையே மடக்குக் கதவுகளும் இருந்தன. அவ்வாறு கதவிட்டால், வேண்டும்போது ஒன்றாகவும், வேண்டாதபோது இரண்டாகவும் அறைகளைப் பயன்படுத்தலாம். விதானத்தின் ஓரத்தில் உள்ள சுதை வேலைப்பாட்டை வெட்டாமல், தனித்து நிற்கும் அலமாரிகளை வைத்தால், வருங்காலத்தார் விரும்பியபோது வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதலும் கூடும். வீடு நம்முடையதேனும், நமக்கு முன் வாழ்ந்தோரும் பின் வாழ்வோரும் அதற்கு உரியவரே.

இதுகாறும் கூறியவற்றால் அறியத்தக்கது ஒன்று உண்டு. சுவரை எடுத்துவிடலாம், அது செய்த பணியை எடுத்துவிட இயலாது. சுமை தாங்கும் பணியை உத்திரத்திடமும், தீயைத் தடுக்கும் பணியைக் கதவிடமும், ஆவியை விலக்கும் பணியை விசிறியிடமும் ஒப்படைத்த பின்னரே சுவருக்கு விடைகொடுத்தல் வேண்டும். பழைய வழக்கம் எதனையும் மாற்ற முற்படுவோர்க்கும் இவ்வுண்மை பொருந்தும். அஃது ஏன் ஏற்பட்டது என்று முதலில் ஆராய்ந்து, நல்லதைக் காத்து, தீயதை விலக்குதலே அறிவுடைமை. உணவு சமைப்பவரை உண்பவரிடமிருந்து பிரித்து இருளில் வைத்த வழக்கம் விலக்கத்தக்க தீமை என்பதில் ஐயமில்லை. ஆனால், சுவர் போன பின்னும் சமைப்பவர் ஒருவரே நின்று உழைக்க, மற்றவர் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பாராயின், கண்ணுக்குத் தெரியாத சுவர் அங்கே இன்னும் நிற்கிறது என்றே கொள்ளல் வேண்டும். தந்தையும் தாயும் மக்களும் அரிவதிலும் சமைப்பதிலும் கழுவுவதிலும் பங்குகொள்ளும் நாளில்தான் அடுக்களை உண்மையில் திறந்ததாகும்.